சளிக்கு அசித்ரோமைசின்: எழுதுகிறவர் மேல் தப்பா, கேட்கிறவர் மேல் தப்பா?

நொய்யல்காரன்:

மூன்று வயதுப் பையனுக்கு மூக்கு ஒழுகல், லேசான காய்ச்சல், ராத்திரி இருமல். கிளினிக் சீட்டில் ஆறு ஐட்டம்: அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சிரப், இருமல் சிரப், சளிக்குத் தனியாக ஒரு சிரப், பாராசிட்டமால், வாந்திக்கு ஒன்று (வாந்தியே இல்லை), வைட்டமின். எதற்கு ஆன்டிபயாடிக் என்று கேட்டேன். "த்ரோட் இன்ஃபெக்ஷன், எதுக்கும் இருக்கட்டும்" என்றார். அதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்தாகிவிட்டது.

அந்த "எதுக்கும் இருக்கட்டும்"தான் உறுத்துகிறது. சளி பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும். டாக்டருக்குத் தெரியாமலா இருக்கும்? அப்புறம் ஏன் எழுதுகிறார்கள்? என் அம்மா வேறு, ஒரு ஊசி போட்டிருந்தால் அன்றைக்கே விட்டிருக்கும், இவர் கைராசி இல்லாத டாக்டர் என்கிறார். இங்கே மருத்துவத் துறையில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள். மழுப்பாமல் சொல்லுங்கள்.

கடைவீதி பார்மசிஸ்ட்:

மழுப்பாமலே சொல்கிறேன். டாக்டரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் என் கவுண்டர் பக்கம் வந்து நில்லுங்கள். "காய்ச்சல், உடம்புவலி, ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க" என்று கேட்பவர்கள்தான் பாதிக் கூட்டம். சீட்டு இல்லை. எங்கள் தொழிலில் இதற்கு "செட்" என்று பெயர்: ஒரு பாராசிட்டமால், ஒரு சளி மாத்திரை, ஒரு வாயு மாத்திரை, பல கடைகளில் கூடவே ஒரு ஆன்டிபயாடிக். நான் ஆன்டிபயாடிக் வைக்க மாட்டேன் என்றால் எதிர்க்கடைக்குப் போகிறார்கள். போகும்போது "இந்தக் கடை மாத்திரை கேட்காது" என்று சொல்லிவிட்டும் போகிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச்சிலிருந்து ஹெச்1 என்ற அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. அதில் உள்ள மருந்தை விற்றால் நோயாளி பெயர், எழுதிய டாக்டர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் எல்லாம் அதில் வரும். வேடிக்கை என்னவென்றால் அசித்ரோமைசின் அதில் இல்லை. அது வெறும் ஹெச் அட்டவணை, அதாவது சீட்டு கட்டாயம் வேண்டும், ஆனால் அந்தத் தனிப் பதிவேடு கிடையாது. பதிவேடு இல்லாத இடத்தில் சீட்டை யார் கேட்கப் போகிறார்கள், நீங்களே சொல்லுங்கள். கொரோனா சமயத்தில் ஊர் முழுக்க அந்தப் பெயர் மனப்பாடம் ஆகிவிட்டது. மூன்று மாத்திரை, ஒரு ஸ்ட்ரிப், கேட்பதும் சுலபம், கொடுப்பதும் சுலபம்.

நொய்யல்காரன்:

அண்ணா, கடைப் பிரச்சினை புரிகிறது. ஆனால் என் கையில் இருப்பது முறையான சீட்டு. எழுதியவர் படித்த டாக்டர். அதற்கு என்ன பதில்?

கிராமத்து டாக்டரம்மா:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். தம்பி, பிள்ளையைப் பார்க்காமல், சீட்டை மட்டும் கேட்டுக் கொடு, கொடுக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன். காய்ச்சல் இறங்கி, பையன் அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் நிமோனியாவாக இருக்கலாம் (இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை அந்தக் கணக்கு 50). மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், எதையும் குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தால், எந்த சிரப் என்று யோசிக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. இன்னொன்று, அந்த நிமோனியாவுக்கே முதல் மருந்து பழைய அமாக்சிசிலின்தான், அசித்ரோமைசின் இல்லை.

இந்த அறிகுறி எதுவும் இல்லாத, மூக்கு ஒழுகிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி விளையாடும் பிள்ளைக்கு ஆன்டிபயாடிக் வேலையே கிடையாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் பாக்டீரியா என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை, டாக்டர்களிலும் சிலருக்கு உண்டு. அது நம் உடம்பின் வெள்ளை அணுக்கள் வந்து சேருவதால் வரும் நிறம். வைரஸ் சளியிலும் அப்படித்தான் மாறும். இருமல் இரண்டு, மூன்று வாரம் கூட இழுக்கும். தொல்லை உச்சத்தில் இருக்கும் நாலாவது, ஐந்தாவது நாளில்தான் ஜனங்கள் கிளினிக்குக்கு வருகிறார்கள். அதற்கு அப்புறம் அது தானாகவே இறங்கத்தான் போகிறது, பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. கைராசி டாக்டர்கள் பாதிப் பேர் இப்படி உருவானவர்கள்தான், உங்கள் அம்மா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தொண்டை விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. இருமலும் மூக்கொழுகலும் இருந்தால் வைரஸ் பக்கம்தான் சாயும். இருமலே இல்லாமல் நல்ல காய்ச்சல், டான்சிலில் வெள்ளையாகச் சீழ், கழுத்தில் நெறி கட்டி வலி, வயது ஐந்திலிருந்து பதினைந்து என்றால் அது ஸ்ட்ரெப் பாக்டீரியாவாக இருக்கலாம். அதைச் சும்மா விட்டால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டுப் போகலாம், நம் நாட்டில் அது இன்னும் ஒழிந்துவிடவில்லை. அங்கே பெனிசிலினோ அமாக்சிசிலினோ பத்து நாள், முழுசாக. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஸ்ட்ரெப் தொண்டை வருவது அபூர்வம்.

அப்புறம் அந்த இரண்டு சிரப்பின் லேபிளையும் படியுங்கள். குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடச் சொல்லி 2023 கடைசியிலேயே மத்திய அரசு உத்தரவு வந்திருக்கிறது. ராத்திரி இருமலுக்கு, ஒரு வயது தாண்டிய பிள்ளை என்றால், படுக்கும்முன் கொஞ்சம் தேன் போதும்.

லோடுமேன்77:

டாக்டரம்மா சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு விஷயத்தை யாரும் பேசவில்லை. "மருந்து வேண்டாம், ரெண்டு நாள் பார்த்துவிட்டு வாங்க" என்று சொல்வது உங்களுக்குச் சுலபம். நான் இன்றைக்கு வந்ததே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு. ரெண்டு நாள் கழித்து வந்தால் இன்னொரு கூலி, பஸ் காசு, மறுபடி டோக்கன், தனியார் என்றால் மறுபடி ஃபீஸ். காய்ச்சலோடு மூட்டை தூக்கவும் முடியாது, வீட்டில் படுத்தால் அடுப்பும் எரியாது. அதனால்தான் ஊசி கேட்கிறோம், செட் கேட்கிறோம். வைரஸ், பாக்டீரியா தெரியாத மடையர்கள் என்று நினைத்துப் பேசாதீர்கள். ஒரே வருகையில் முடிய வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு.

கடைவீதி பார்மசிஸ்ட்:

இதுதான் நிஜம். விழிப்புணர்வு போஸ்டர் ஒட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

கிராமத்து டாக்டரம்மா:

லோடுமேன் அண்ணே, உங்கள் கணக்கை மறுக்கவே மாட்டேன். எங்கள் பக்கத்துக் கணக்கும் அதேதான்: காலை ஓ.பி.யில் நூறு பேருக்கு மேல் நிற்கும்போது "இது வைரஸ், இப்படி இருந்தால் மட்டும் வாங்க" என்று விளக்க ஐந்து நிமிடம் ஆகும், ஒரு மாத்திரை எழுத அரை நிமிடம் போதும். தனியார் கிளினிக்கில் இன்னொரு பயம் சேரும், நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் "ஆன்டிபயாடிக் கூடக் கொடுக்கவில்லை" என்று சண்டைக்கு வருவார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்து ஏதாவது ஆனால் யாரும் வரமாட்டார்கள்.

ஆனால் "ஒரே வருகையில் முடியும்" என்று நினைத்து வாங்கும் அந்த மாத்திரை பல நேரம் உங்களைக் காப்பாற்றவே செய்யாது. அதைச் சொல்லத்தான் வந்தேன். உண்ணிக் காய்ச்சல் தெரியுமல்லவா, ஸ்க்ரப் டைஃபஸ். மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் தமிழ்நாட்டில் நிறைய வரும். வயல், புதர் பக்கம் போகிறவர்களைக் கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சிக் குஞ்சு கடிக்கும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், அதுவும் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடங்களில். வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. துணியை விலக்கித் தேடினால்தான் கிடைக்கும். இந்தக் கிருமி நம் செல்லுக்கு உள்ளே உட்கார்ந்து பெருகுவது. செஃபிக்சிம் ஒரு வாரம் போட்டாலும், செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டாலும் அதை ஒன்றும் செய்யாது. விலை குறைந்த டாக்சிசைக்ளின் போட்டால் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று தப்பான ஆன்டிபயாடிக்கோடு ஒரு வாரம் ஓட்டிவிட்டு, சிறுநீரகமும் நுரையீரலும் அடி வாங்கிய பிறகு மேல்சிகிச்சைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டெங்குவும் அப்படித்தான். ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையில்லை, டைக்ளோஃபெனாக் மாதிரி வலி ஊசி போட்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். காய்ச்சல் விடும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, பல் ஈறில் ரத்தம், துவண்டு போவது, இதெல்லாம் காய்ச்சல் விட்ட பிறகு வந்தாலும் ஓடி வர வேண்டும். "ஊசி போட்டேன், காய்ச்சல் விட்டுவிட்டது" என்று வேலைக்குப் போகிறவரை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கல்ச்சர் ரிப்போர்ட்:

மைக்ரோபயாலஜி லேபில் இருப்பவள். டாக்டர் மேடம் சொன்னதோடு என் பக்கத்துக் கதையும் சேரும். காய்ச்சல் ஒரு வாரம் தாண்டி, டைஃபாய்டு சந்தேகத்தில் ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட், வருகிறது. பாட்டிலை மெஷினில் வைத்துக் காத்திருந்தால் ஒன்றும் வளரவில்லை. கேட்டால் வரும் முன்பே செட் மாத்திரை, அப்புறம் அசித்ரோமைசின், அப்புறம் ஒரு ஊசி என்று எல்லாம் ஆகியிருக்கும். அரைகுறையாக அடிபட்ட கிருமி பாட்டிலில் வளராது, உடம்புக்குள் மட்டும் இருக்கும். உடனே வைடால் என்ற டைஃபாய்டு ரத்த டெஸ்ட்டுக்குப் போவார்கள். ஒற்றை வைடாலை வைத்து டைஃபாய்டு என்று முடிவு கட்டுவது நம் ஊர் லேப்களின் பெரிய கூத்து. பழைய தொற்றுக்கும், வேறு காய்ச்சலுக்கும் கூட அது ஏறிக் காட்டும். ஒரே ஆளுக்கு வருடா வருடம் "டைஃபாய்டு" வருவதன் ரகசியம் பல நேரம் இதுதான்.

இன்னொன்று, பலருக்குப் புரியாதது. "சளிக்குத்தானே போட்டேன், கேட்காவிட்டால் போகிறது, என்ன நஷ்டம்?" என்பார்கள். மாத்திரைக்குச் சளி எது என்று தெரியாது. அது குடலில் இருக்கும் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியா மேலும் பாயும். தாக்குப் பிடிக்கத் தெரிந்தவை மட்டும் மிஞ்சிப் பெருகும். அதில் இ.கோலை என்று ஒன்று, அதுதான் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று வரும்போது பெரும்பாலும் குற்றவாளி. ஆக இன்றைக்குச் சளிக்குப் போட்ட மாத்திரையின் பில், பிற்பாடு சிறுநீர்த் தொற்றில் வந்து நிற்கும். என் மேஜைக்கு வரும் இ.கோலை ரிப்போர்ட்டில் சிப்ரோஃப்ளாக்சசின், செஃபிக்சிம் பக்கத்தில் "ஆர்" (ரெசிஸ்டன்ட், மருந்து கேட்காது) என்று அடித்து அடித்துச் சலித்துவிட்டது. நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் மாதிரி சிலதான் வாய்வழி மருந்தாக இன்னும் கைகொடுக்கின்றன.

2010-ல் என்.டி.எம்-1 பற்றிய ஆய்வு வந்தபோது அதில் சென்னை மாதிரிகளும் இருந்தன. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் ஊசியையே உடைக்கும் நொதி அது. பெயரில் "நியூ டெல்லி" என்று வைத்துவிட்டார்கள் என்று பெரிய சண்டை நடந்தது. அந்த ஜீன் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்பதைப் பற்றி அந்த அளவு யாரும் சண்டை போடவில்லை. 2012-ல் சென்னையில் பல மருத்துவச் சங்கங்கள் கூடி "சென்னைப் பிரகடனம்" வெளியிட்டார்கள். ஹெச்1 அட்டவணை அதற்கு அடுத்த வருடம் அறிவிக்கப்பட்டது.

லெஸ்டர் தமிழ்:

இங்கிலாந்தில் இதற்கு நேர் எதிர்க் கூத்து. ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) அப்பாயின்ட்மென்ட் வாங்குவதே பெரிய பாடு, போனால் "பாராசிட்டமால் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள்". நம் ஆட்கள் எல்லோரும் ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் ஒரு ஆன்டிபயாடிக் கோர்ஸ் கொண்டு வருவார்கள், ஊறுகாய்க்குப் பக்கத்தில் அது இருக்கும்.

ஆனால் ஒரு பழக்கம் எனக்குப் பிடித்தது. சந்தேகமான கேஸில் ஆன்டிபயாடிக் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, "இன்றைக்கு வாங்காதீர்கள். இத்தனை நாளில் குறையாவிட்டாலோ, இப்படி ஆனாலோ வாங்குங்கள்" என்பார்கள். நிறையப் பேர் அதை வாங்காமலே குணமாகிவிடுகிறார்கள். லோடுமேன் அண்ணன் சொன்ன இரண்டாவது கூலிக்கு இது ஒரு பதில் இல்லையா? 2024 ஜனவரி கடைசியிலிருந்து இங்கிலாந்தில் தொண்டை வலி, காது வலி, பெண்களின் சாதாரணச் சிறுநீர்த் தொற்று மாதிரி ஏழு பிரச்சினைகளுக்கு மருந்துக்கடையிலேயே பார்மசிஸ்ட் பார்த்து மருந்து தரலாம் என்றும் ஆக்கிவிட்டார்கள்.

கடைவீதி பார்மசிஸ்ட்:

கேட்க நன்றாக இருக்கிறது. இங்கே அந்தச் சீட்டை எழுதினால் வாசலிலேயே என் கடை. பத்து நிமிடத்தில் முதல் டோஸ் உள்ளே போயிருக்கும். இரண்டாவது, பார்மசிஸ்ட் சான்றிதழ் சுவரில் தொங்கும், கவுண்டரில் நிற்பது பிளஸ் டூ முடித்த பையனாக இருக்கும். அந்த நிலையில் "கடையிலேயே பார்த்துத் தரலாம்" என்று ஆரம்பித்தால் இப்போது திருட்டுத்தனமாக நடப்பது சட்டப்படி நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கேரளாவைப் பாருங்கள். 2024 ஜனவரியில் "ஆபரேஷன் அம்ரித்" என்று சொல்லி, சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் ரெய்டு போனார்கள். எதிர்க்கடையும் விற்க முடியாது என்ற நிலை வந்தால்தான் நான் நியாயமாக நடக்க முடியும். அறிவுரையில் நடக்காது.

நொய்யல்காரன்:

லோடுமேன் அண்ணன் பேச்சுக்குப் பிறகு என் கேள்வியே கொஞ்சம் மாறிவிட்டது. சரி, எல்லோரும் சொல்லும் இன்னொரு விஷயம்: ஆரம்பித்தால் கோர்ஸை முடிக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால்தான் கிருமிக்கு மருந்தைத் தாங்கும் எதிர்ப்பு வரும் என்கிறார்கள். தேவையே இல்லாமல் எழுதியதாக இருந்தாலும் முடிக்க வேண்டுமா?

கல்ச்சர் ரிப்போர்ட்:

இது ஒரு பழைய மந்திரம். கொஞ்சம் தளர்ந்துவிட்டது. ஃப்ளெமிங் 1945 நோபல் உரையிலேயே போதாத அளவு பெனிசிலின் போடுவதைப் பற்றி எச்சரித்தார், அதிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். இப்போது நிறைய நோய்களில் குறைந்த நாள் சிகிச்சையே போதும் என்று வந்துவிட்டது. சாதாரணமாக வெளியில் வரும் நிமோனியாவுக்கு ஐந்து நாள் என்று நம் ஐ.சி.எம்.ஆரே (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சொல்கிறது. எத்தனை நாள் அதிகம் போடுகிறோமோ அத்தனை நாள் குடல் பாக்டீரியாவும் அடி வாங்கும். ஆனால் காசநோயை இதோடு சேர்க்காதீர்கள், அங்கே பாதியில் விட்டால் நாசம். டாக்டர் மேடம் சொன்ன ஸ்ட்ரெப் தொண்டையும் அப்படித்தான்.

கிராமத்து டாக்டரம்மா:

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் "நானே நிறுத்திக்கொள்ளலாம்" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதியவரிடமே கேளுங்கள்: "எந்த நோய்க்கு இது? எத்தனை நாள்?" என்று. ஆன்டிபயாடிக் எழுதினால் காரணத்தையும் சீட்டில் எழுதுங்கள் என்று 2024 ஜனவரியில் மத்திய சுகாதார இயக்குநரகமே டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. கேட்பது உங்கள் உரிமை. காரணம் எழுத வேண்டும் என்று வந்தால் பாதிச் சீட்டில் பேனா தானாக நின்றுவிடும் என்பது என் எண்ணம்.

வேப்பமரத்தடி:

71 வயது. ஆன்டிபயாடிக் மட்டும்தான் பேச வேண்டுமா? எனக்கு ஒரு ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆனபோது வெறும் வயிற்றில் வாயு மாத்திரை என்று பான்டப்ரசோலும் டொம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூல் எழுதினார்கள். எத்தனை நாள் என்று எழுதவில்லை. வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நிறுத்தினால் நெஞ்சு எரிகிறது, அதனால் தேவைதான் போலிருக்கிறது. பிரஷருக்கு இரண்டு மாத்திரை, முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கும் ஒன்று.

கிராமத்து டாக்டரம்மா:

ஐயா, நல்ல வேளை கேட்டீர்கள். நிறுத்தினால் எரிவதை வைத்து மட்டும் தேவை என்று சொல்ல முடியாது. பான்டப்ரசோல் போட்டு அமிலத்தை ரொம்ப நாள் அடக்கி வைத்துத் திடீரென்று விட்டால் சில வாரம் அது கூடுதலாகச் சுரக்கும். அதனால் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பல வருடம் போட்டால் பி12, மக்னீசியம் குறையலாம், எலும்பு முறிவும் குடல் தொற்றும் கொஞ்சம் கூடுவதாகச் சொல்கிறார்கள். டொம்பெரிடோன் வயதானவர்களுக்கு இதயத் துடிப்பைக் குழப்பக் கூடியது, தினமும் போடும் மருந்தே இல்லை. ஆனால் இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுகிறவர்கள் சிலருக்குப் பான்டப்ரசோல் நிஜமாகவே அவசியம், அதனால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எனக்கு அதைவிடப் பயம் உங்கள் முழங்கால் மாத்திரை. பிரஷர் மாத்திரையில் ஒன்று எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் வகையாகவும் இன்னொன்று சிறுநீர் போக வைப்பதாகவும் இருந்து, அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் மூன்று பக்கமும் அடி வாங்கும். வெயில் காலத்தில், வயிற்றுப்போக்கு வந்த நேரத்தில் இன்னும் மோசம். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், கடையில் வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். கிரியாட்டினினும் (சிறுநீரகத்துக்கான ரத்த டெஸ்ட்) பார்க்கச் சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி:

சரிம்மா. முழங்கால் மாத்திரை பெயரே தெரியாது, பேப்பரில் மடித்துத்தான் கொடுப்பான்.

லோடுமேன்77:

எனக்கும் அதே கேள்வி. செட்டில் எது என்ன மாத்திரை என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் "உனக்கு எதுக்கு அது, போடு சரியாகிடும்" என்கிறார்கள்.

கடைவீதி பார்மசிஸ்ட்:

பிரித்த மாத்திரையாக வாங்காதீர்கள், ஸ்ட்ரிப்போடு வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டும்போது பெயரும் எக்ஸ்பைரி தேதியும் இருக்கும் பக்கம் உங்களுக்கு வர வேண்டும், கடைக்காரர்கள் அந்தப் பக்கத்தைத்தான் தாங்கள் வைத்துக்கொள்வார்கள், அதனால் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் இடது ஓரமாகச் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அப்புறம் பில் கேளுங்கள். பில்லில் மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் வந்தாக வேண்டும் என்பதால், பில் என்றதுமே செட்டிலிருந்து ஒரு மாத்திரை தானாகக் காணாமல் போவதை நீங்களே பார்ப்பீர்கள்.

ஐயா, உங்கள் கடையில் அந்த முழங்கால் மாத்திரைக்கும் இதே மாதிரி கேட்டு வாங்கி, அட்டையோடு பையில் போடுங்கள். டாக்டருக்கு வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை என்று சொன்னால் ஒன்றும் விளங்காது.